மொசாம்பிக், மலாவி, டர்பன்: வெள்ளம் வந்தால் முதலில் வருவது யார்?

தாமிரபரணியான்:

தெற்கு ஆப்பிரிக்காவில் நவம்பரில் தொடங்கும் மழைக்காலம் மார்ச், ஏப்ரல் வரை நீளும். அந்த மாதங்களில் டிவியைத் திறந்தால் ஒரே படம்தான். கலங்கல் தண்ணீர், நடுவில் ஒரு கூரை, கூரைமேல் குடும்பம், மேலே ஹெலிகாப்டர். 2000இல் மொசாம்பிக்கில் ஒரு பெண் மரத்தின் மேலேயே பிள்ளை பெற்றார். தாயையும் குழந்தையையும் தென்னாப்பிரிக்க விமானப்படை தூக்கிக்கொண்டு போனதை உலகமே பார்த்தது. 2019இல் இடாய் புயல், 2023இல் பிரெடி புயல், நடுவில் 2022இல் டர்பன் வெள்ளம். பல முறை ஐ.நா. வேண்டுகோள், நன்கொடையாளர் மாநாடு, கோடிக்கணக்கில் டாலர் அறிவிப்பு.

என் சந்தேகம் இதுதான். இத்தனை உதவி போயும் அதே ஊர்கள் திரும்பத் திரும்ப ஏன் மூழ்குகின்றன? ஹெலிகாப்டர் வருவதற்குள் முக்கால்வாசி முடிந்துவிடுகிறதே, பிறகு அந்த உதவி யாருக்கு? அங்கே வேலை பார்த்தவர்கள் நம் குழுவில் சிலர் இருக்கிறீர்கள். அரசியல் சண்டை இல்லாமல் சொல்லுங்கள்.

கப்பல்காரன்:

அண்ணே, இடாய் அடித்தபோது நான் பெய்ராவில் இருந்தேன், துறைமுகத்துச் சரக்கு வேலையில். பார்த்ததைச் சொல்கிறேன்.

பெய்ரா கடலோரச் சதுப்பில் கட்டிய ஊர். சில பகுதிகள் கடல் மட்டத்துக்கும் கீழே. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். ஜிம்பாப்வே, மலாவி, ஜாம்பியா மூன்றுக்கும் நிறையச் சரக்கு இந்தத் துறைமுகம் வழியாக உள்ளே போகும். 2019 மார்ச் 14 இரவு புயல் கரையேறியது. விடிய விடியத் தகரம் பறக்கிற சத்தம். அங்கே ஏழைகள் வீட்டுக் கூரைத் தகரத்துக்கு ஆணி குறைவு. மேலே கல்லையும் மணல் மூட்டையையும் வைத்திருப்பார்கள். அந்தக் காற்றுக்கு அதெல்லாம் எம்மாத்திரம்?

காலையில் கரண்ட் இல்லை, போன் இல்லை. உள்நாட்டுக்குப் போகிற என்-6 நெடுஞ்சாலை பல இடங்களில் அறுந்துவிட்டது. ஊரே தீவாகிவிட்டது. எங்கள் தெருவுக்கு முதலில் வந்தது யார் தெரியுமா? பக்கத்துத் தெருக்காரர்கள், கையில் வெட்டரிவாளோடு. விழுந்துகிடந்த மரங்களைத் துண்டு துண்டாக வெட்டி வழி விட்டார்கள். யாரும் சொல்லி வந்தவர்கள் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த கடைக்காரர் ஒரு நீளப் பலகையில் பிளக் பாயிண்டுகளை வரிசையாக ஆணியடித்து வைத்து, போனுக்குச் சார்ஜ் போடக் காசு வாங்கினார். டவரே இல்லாத ஊரில் சார்ஜ் எதற்கு என்று கேட்காதீர்கள். டவர் வந்த நிமிடமே கிராமத்தில் இருக்கிற அம்மாவுக்குப் போன் போட வேண்டும் என்று ஜனம் வரிசையில் நின்றது.

உண்மையான பேரழிவு ஊருக்குள் நடக்கவில்லை என்பது எங்களுக்கே பிறகுதான் தெரிந்தது. புசி, புங்க்வே என்று இரண்டு ஆறுகள் பெய்ராவுக்குப் பக்கத்தில் கடலில் சேர்கின்றன. ஜிம்பாப்வே மலையில் கொட்டிய மழை அந்த ஆறுகளில் இறங்கி வந்து, காற்று ஓய்ந்து நாலைந்து நாள் வரை சமவெளி முழுக்கப் பரவிக்கொண்டே இருந்தது. செயற்கைக்கோள் படத்தில் நிலத்துக்கு நடுவே ஒரு கடல் முளைத்த மாதிரி தெரிந்தது. அப்போதைய அதிபர் பிலிப்பே நியூசி அதன்மேல் பறந்து பார்த்துவிட்டுத்தான், இறந்தவர்கள் ஆயிரத்தைத் தாண்டலாம் என்று சொன்னார். மொசாம்பிக்கின் அரசுக் கணக்கு பிறகு 600ஐத் தொட்டது. ஜிம்பாப்வே, மலாவியையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல்.

வெளியிலிருந்து முதலில் வந்தவர்களில் நம் இந்தியக் கடற்படையும் உண்டு. பயிற்சிப் பயணத்தில் இருந்த சுஜாதா, சாரதி, ஷார்துல் என்ற மூன்று கப்பல்களைப் பெய்ராவுக்குத் திருப்பிவிட்டார்கள். இதில் சாரதி கடலோரக் காவல்படையுடையது. 190 பேருக்கு மேல் மீட்டதாகவும், மருத்துவ முகாமில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்ததாகவும் கணக்கு. பக்கத்தில் இருந்ததால் வர முடிந்தது. அவ்வளவுதான் அதன் ரகசியம்.

சந்தேகப்பிராணி:

கப்பல்காரரே, நல்லா எழுதுகிறீர்கள். ஆனால் பாதிக் கதைதான் வந்திருக்கிறது. அந்தப் பெரிய பெரிய வெள்ளை லேண்ட் குரூசர்கள் எங்கே? ஆபீஸர்கள் தங்கிய ஓட்டல் எங்கே? இடாய் முடிந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு ஓர் அறிக்கை விட்டது. நிவாரண அரிசி வேண்டுமென்றால் உடம்பைக் கேட்ட உள்ளூர்த் தலைவர்கள் இருந்தார்கள் என்று பாதிக்கப்பட்ட பெண்களே சொன்னார்கள். பட்டியல் எழுதுகிறவன் கையில்தான் எல்லாம். ‘உள்ளூர் மக்களே முதலில் வந்தார்கள்’ என்று நாம் இங்கே உருகுகிறோம். மூட்டையைப் பதுக்கியவனும் உள்ளூர்தானே?

கப்பல்காரன்:

மறுக்கவில்லை. பட்டியலில் பெயர் ஏற்றுகிற இடம்தான் எல்லா முகாமிலும் கெட்டுப்போகிற இடம். குடும்பத்தலைவர் பெயரில்தான் அட்டை, அட்டை இருந்தால்தான் மூட்டை. புருஷன் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் இருக்கிறான், வீடு போய்விட்டது, அடையாளச் சீட்டும் வெள்ளத்தோடு போய்விட்டது என்றால், அந்தப் பெண் யாரிடம் போய் நிற்பாள்? பட்டியல் எழுதுகிறவனிடம்தான். அட்டையைப் பெண்கள் பெயரிலேயே கொடு, பட்டியலை எல்லோருக்கும் கேட்கும்படி வாசி என்று சில அமைப்புகள் பிறகு மாற்றின. எல்லாரும் மாற்றவில்லை.

மதகு:

பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆற்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மொசாம்பிக்கின் தலையெழுத்து அதன் வரைபடத்திலேயே இருக்கிறது. ஒன்பது பன்னாட்டு ஆற்றுப் படுகைகளில் அதற்குப் பங்கு உண்டு. அநேகமாக எல்லாவற்றிலும் அது கடைமடை. ஜாம்பேசி, லிம்போபோ, சாவே, புசி, புங்க்வே எல்லாம் வேறு நாட்டில் மழை வாங்கி இங்கே வந்து கடலில் விழுகின்றன. மேலே வறட்சி என்றால் தண்ணீர் வராது. மேலே வெள்ளம் என்றால் மொத்தமும் இவர்கள் தலையில். கடைமடை விவசாயியின் நிலைமை நமக்குத் தெரியாததா?

2000இல் நடந்ததைப் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரி மழையிலேயே மண் நிறையக் குடித்துவிட்டது. பிப்ரவரி 22 அன்று எலைன் புயல் மொசாம்பிக்கில் கரையேறி, உள்ளே ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்காவின் வடபகுதி வரை போய்க் கொட்டியது. அந்த நீரெல்லாம் லிம்போபோவில் இறங்கியது. ஷோக்வே, ஷாய்-ஷாய் ஊர்களை அந்த அலை தொட்டது பிப்ரவரி கடைசியில். அதாவது மேலே பெய்ததற்கும் கீழே மூழ்கியதற்கும் நடுவே நாட்கள் இருந்தன. ஆனால் மேலே இருந்த அளவுமானிகள் பல அடித்துக்கொண்டு போய்விட்டன. எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளந்து சொல்ல ஆளில்லை. ஏறக்குறைய 700 பேர் செத்தார்கள்.

அணைகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். ஜாம்பேசியில் மேலே கரிபா, கீழே கபோரா பாசா. லிம்போபோவில் சேரும் ஒலிஃபன்ட்ஸ் ஆற்றில் மசிங்கிர். மின்சாரத்துக்குக் கட்டிய அணையை நிறைத்து வைக்கத்தான் பார்ப்பான். வெள்ளத்தைத் தாங்க வேண்டுமென்றால் காலியாக வைத்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது. நிறைந்த அணைக்கு மேலும் வெள்ளம் வந்தால் மதகைத் திறந்துதான் ஆகவேண்டும். 2001இலும் 2007இலும் ஜாம்பேசிக் கீழ்ப்பகுதியில் மூழ்கியவர்களுக்கு ஆற்று நீரோடு கபோரா பாசா திறந்துவிட்ட நீரும் சேர்ந்துதான் வந்தது. திறந்தது குற்றமில்லை. எப்போது, எவ்வளவு என்று கீழே இருக்கிறவனுக்கு முன்னாலேயே சொன்னார்களா என்பதுதான் கேள்வி. அதற்கு நாடுகளுக்கு இடையே ஆற்று ஆணையங்கள் இருக்கின்றன. காகிதத்தில் நன்றாகவே இருக்கின்றன. ஒரு அளவுமானிக்கு பேட்டரி மாற்ற ஒதுக்கீடு வாங்கிப் பாருங்கள், அப்போது தெரியும்.

தாமிரபரணியான்:

மதகு ஐயா, அப்படியானால் 2000க்குப் பிறகு எதுவுமே மாறவில்லையா?

மதகு:

மாறியிருக்கிறது தம்பி. 2013 ஜனவரியில் அதே லிம்போபோ மறுபடி பொங்கியது. அதே ஷோக்வே மறுபடி மூழ்கியது. ஆனால் இந்த முறை ஊரை முன்னாலேயே காலி செய்தார்கள். பல்லாயிரக்கணக்கானோர் சியாகுவெலானே என்ற மேட்டு நிலத்துக்குப் போய் மரத்தடியில் கிடந்தார்கள். கஷ்டப்பட்டார்கள், கொசுக்கடியில் மலேரியா வந்தது. ஆனால் உயிரோடு இருந்தார்கள். நாடு முழுக்கச் சாவு 2000ஐ விட மிகக் குறைவு. (அந்த வெள்ளத்தில் தென்னாப்பிரிக்க எல்லையில் ஒரு பண்ணையின் கதவைத் திறக்க வேண்டி வந்து ஆயிரக்கணக்கான முதலைகள் ஆற்றுக்குள் போனது தனிக்கதை. உலகப் பத்திரிகைகள் ஷோக்வேயை விட்டுவிட்டு முதலையைத்தான் முதல் பக்கத்தில் போட்டன.)

கப்பல்காரன்:

ஐயா சொன்ன மாற்றத்தை நானே பார்த்திருக்கிறேன். மொசாம்பிக்கில் பேரிடர் நிர்வாக நிறுவனம் ஒன்று 1999இல் தொடங்கினார்கள். அதன்கீழ் கிராமத்துக்குக் கிராமம் உள்ளூர்க் குழு. ஒரு ஆசிரியர், ஒரு கடைக்காரர், இரண்டு மூன்று பெண்கள், சில பையன்கள். கையில் மெகாபோன், விசில், சைக்கிள், ஒரு ரேடியோ, பிறகு கொடிகள். நீலக் கொடி ஏறினால் ஒன்றிரண்டு நாளில் புயல் வரலாம். மஞ்சள் என்றால் ஒரு நாளுக்குள். சிவப்பு என்றால் சில மணி நேரத்தில். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும்.

அந்தக் குழுக்காரர்கள் பலருக்குச் சம்பளம் கிடையாது. ஒரு சட்டையும் தொப்பியும் கொடுப்பார்கள். நான் பார்த்த ஒரு குழுத்தலைவர் தன் ரேடியோவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அதைத் துணியில் சுற்றி, உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். பேட்டரி தீர்ந்தால் சொந்தக் காசில் வாங்க வேண்டும், அதனால் செய்தி நேரத்துக்கு மட்டும் போடுவார்.

2000 பற்றி இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டர் படங்களைத்தான் நாம் எல்லாரும் பார்த்தோம். தென்னாப்பிரிக்க விமானப்படை 14,000 பேருக்கு மேல் தூக்கியது. அது சாதாரண வேலை இல்லை. தூரத்து நாடுகள் ஹெலிகாப்டருக்கு வாடகை யார் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது, விரல்விட்டு எண்ணக்கூடிய சில எந்திரங்களை வைத்துக்கொண்டு ராப்பகலாகப் பறந்தார்கள். ஆனால் மொத்தம் மீட்கப்பட்ட ஏறக்குறைய 45,000 பேரில் பெரும்பகுதி படகில் போனவர்கள். மொசாம்பிக் கடற்படை, தீயணைப்பு, செஞ்சிலுவை, படகு வைத்திருந்த சாதாரண ஆட்கள். படகுக்குக் கேமரா வரவில்லை, அவ்வளவே.

உம்கேனிக்கரை:

படகு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. டர்பனில் இருக்கிறேன். இங்கே இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் இன்றும் சொல்கிற ஒரு கதை உண்டு. 1917 அக்டோபர் 28. உம்கேனி ஆறு பொங்கி, ஸ்பிரிங்ஃபீல்டு சமவெளியில் டின் டவுன் என்ற தகரக் குடியிருப்பை விழுங்கியது. கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து, ஆற்றோரத்தில் காய்கறி பயிரிட்டுப் பிழைத்த நம்மவர்கள் வாழ்ந்த இடம். நூற்றுக்கணக்கானோர் போய்விட்டார்கள். அன்று மாரிமுத்து படவாட்டன் என்பவரும் இன்னும் ஐந்து பேரும் கடலில் வலை இழுக்கிற தங்கள் படகை ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டு திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். ‘படவாட்டன் அறுவர்’ என்றுதான் இங்கே சொல்வார்கள்.

105 வருடம் கழித்து, 2022 ஏப்ரல் 11, 12இல் அதே டர்பன். சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆற்றோரத்திலும் சரிவிலும் தகரக் கொட்டகை போட்டவர்கள்தான் அதிகம். 1917இல் யாருக்கு நல்ல நிலம் கிடைக்கவில்லையோ அவர்கள் ஆற்றோரத்தில் இருந்தார்கள். 2022இலும் அதேதான், ஆட்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள். டோங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே அடித்துக்கொண்டு போனதால் மாதக்கணக்கில் குழாயில் சொட்டு இல்லை. வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரமும், பொங்கல் பானை உட்பட, வாசலில் லாரிக்காக வரிசையில் நின்றன. அந்த நேரத்தில் தண்ணீர் லாரி ஒன்று மாகாண முதல்வர் வீட்டு வாசலில் நின்ற வீடியோ வெளியே வந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார்.

இது ஏழை நாடு இல்லை, ஆப்பிரிக்காவின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்று. அப்படியும் நிவாரணம் மெதுவாகப் போனது என்று நாட்டின் தலைமைத் தணிக்கையாளரே எழுதினார். காசு மட்டும் பிரச்சினை என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இங்கே வேகமாக வந்தது கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ். 1992இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் மருத்துவர் இம்தியாஸ் சூலிமான் தொடங்கியது. தென்னாப்பிரிக்கர்களே நடத்துகிற அமைப்பு. அவர்கள் இடாய்க்கும் போனார்கள்.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. பால்மியட் ஆற்றோரத்தில் குவாரி ரோடு வெஸ்ட் என்று ஒரு குடிசைப் பகுதி. மேலே மழையைக் கவனித்து, பல்கலைக்கழக ஆட்களும் குடிசைவாசிகளும் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கை போடுகிற ஏற்பாடு அங்கே இருந்தது. அந்த இரவில் ஜனம் மேட்டுக்கு ஏறிவிட்டது. வீடுகள் போயின. ஆட்கள் பிழைத்தார்கள்.

வட்டிக்கணக்கு:

யாரும் தொடாத இடத்தைத் தொடுகிறேன். கடன்.

இடாய்க்குப் பிறகு 2019 மே கடைசியில் பெய்ராவிலேயே நன்கொடையாளர் மாநாடு நடந்தது. மறுகட்டமைப்புக்குத் தேவை 320 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். தருவதாகச் சொன்னது 120 கோடி. சொன்னதற்கும் தந்ததற்கும் உள்ள தூரம் வேறு. அதற்கு முன், ஏப்ரலில், பன்னாட்டு நிதியம் 11.8 கோடி டாலர் கொடுத்தது. வட்டியில்லை, ஆனால் கடன்தான். புயலில் வீடு போனவனுக்குக் கைமாற்று கொடுத்துவிட்டு அதை உதவி என்று எழுதுவது எந்தக் கணக்கில் சேரும்?

சந்தேகப்பிராணிக்கும் தீனி போடுகிறேன். மொசாம்பிக் அரசுக்குள்ளேயே சிலர் நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் 200 கோடி டாலர் கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள். சூரை மீன் பிடிக்கும் கப்பல், கடலோரக் காவல் என்று பெயர். கடன் கொடுத்தவை சுவிட்சர்லாந்தின் கிரெடிட் சூயிஸ், ரஷ்யாவின் விடிபி என்ற வங்கிகள். 2016இல் வெளியே வந்ததும் நன்கொடை நாடுகள் நேரடி நிதியை நிறுத்தின, நாணய மதிப்பு விழுந்தது. அந்த நிலையில்தான் இடாய் வந்து அடித்தது. அந்த உத்தரவாதம் கொடுத்தபோது நிதியமைச்சராக இருந்த மானுவல் சாங் 2018 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் கைதாகி, 2024இல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளி ஆனார். கிரெடிட் சூயிஸும் 2021இல் ஏறக்குறைய 47.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. திருடியவன் ஒருவன், தூண்டிவிட்டு லாபம் பார்த்த வங்கி ஒன்று. நஷ்டம் மட்டும் புசி ஆற்றோரத்தில் சோளம் போட்டவனுக்கு.

சந்தேகப்பிராணி:

அப்படிப் போடுங்கள்! இதைத்தான் சொல்கிறேன். உதவியே வேண்டாம், கடனை ரத்து செய் போதும்.

மலைச்சரிவு:

சந்தேகம் அண்ணா, ‘உதவியே வேண்டாம்’ என்று இங்கே உட்கார்ந்து சொல்லிவிடலாம். நான் நர்ஸ். மலாவியில் காலரா வார்டில் இருந்திருக்கிறேன். கொஞ்சம் கேளுங்கள்.

வெள்ளத்தில் செத்தவர்கள் கணக்கு ஒரு வாரத்தில் முடியும். அதற்கப்புறம் தொடங்குவது எங்கள் கணக்கு. கழிப்பறைக் குழியும் குடிக்கிற கிணறும் ஒரே தண்ணீராகக் கலந்துவிட்டால் காலரா வர இரண்டு வாரம் போதும். பெய்ராவில் 2019 மார்ச் 27 அன்று காலராவை அறிவித்தார்கள். ஏப்ரல் 3 அன்று தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். உலகக் கையிருப்பிலிருந்து ஏறக்குறைய ஒன்பது லட்சம் டோஸ் வந்தது. வாயில் ஊற்றுகிற மருந்து, ஊசி இல்லை. எட்டு லட்சம் பேருக்கு மேல் குடித்தார்கள். காலரா 6,000 பேரைத் தாண்டிப் பிடித்தது, இறந்தவர்கள் பத்துக்குள். அந்தக் கையிருப்பு ‘வெளிநாட்டு உதவி’ தான் அண்ணா.

இப்போது மலாவியைப் பாருங்கள். 2022 ஜனவரியில் அனா புயல் ஷைர் ஆற்றில் கபிசிரா அணையை உடைத்தது. நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போயிற்று. கரண்ட் இல்லாவிட்டால் தண்ணீர் பம்பும் இல்லை. மார்ச்சில் காலரா தொடங்கியது. அந்த நாடு அதுவரை பார்க்காத பெரிய காலரா. 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். அது முடிவதற்குள் 2023 மார்ச்சில் பிரெடி வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவுக்குப் பக்கத்தில் பிறந்து, இந்தியப் பெருங்கடல் முழுவதையும் தாண்டி, மடகாஸ்கரை அடித்து, மொசாம்பிக்கை இரண்டு முறை அடித்து, கடைசியாக மலாவியில் வந்து நின்ற புயல். 36 நாள் உயிரோடு இருந்தது, உலகச் சாதனை என்று உலக வானிலை அமைப்பு பிறகு உறுதி செய்தது. ஆறு மாத மழை ஆறு நாளில் கொட்டியது.

பிளான்டைர் நகரில் சோச்சே மலையடியில் சிலோப்வே என்ற பகுதி. சுடாத மண் செங்கல் வீடுகள். மலையில் மரமெல்லாம் கரிக்காக வெட்டியாகிவிட்டது. ராத்திரியில் பாறையும் சேறும் சேர்ந்து இறங்கின. மலாவியில் மட்டும் 679 பேர் இறந்தார்கள், 537 பேரைக் காணவில்லை. ‘காணவில்லை’ என்றால் சேற்றுக்குள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். நாங்கள் இருந்த இடத்துக்குக் காயம்பட்டவர்களைக் கதவுப் பலகையில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூக்கி வந்தவர்களின் கை நகமெல்லாம் மண்ணும் ரத்தமும். மண்வெட்டி கிடைக்காத வீட்டில் தட்டாலும் கையாலும் தோண்டியிருக்கிறார்கள். காயத்துக்குத் தையல் போடும்போது ஒருத்தர்கூட என்னிடம் மாத்திரை கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: இன்னொருத்தரை இங்கே கொண்டுவந்தார்களா, இந்த மாதிரிச் சட்டை போட்டவர்?

தாமிரபரணியான்:

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஒன்று கேட்கிறேன். கொடி, விசில், குழு எல்லாம் 2013இல் வேலை செய்தது என்றார்கள். பின்னே இடாயிலும் பிரெடியிலும் ஏன் இவ்வளவு சாவு?

மதகு:

லிம்போபோ நீண்ட ஆறு. மேலே பெய்தது கீழே வர நாளாகும். எச்சரிக்கைக்கு நேரம் கிடைக்கும். மலைச்சரிவில் அப்படிக் கிடையாது. ஜிம்பாப்வேயின் சிமானிமானி மலைப்பகுதியிலும் பிளான்டைரிலும் மலையே இறங்கியது. ஜிம்பாப்வேயில் ருசிட்டு, ந்யஹோடே ஆறுகள் கூடும் இடத்தில் இருந்த கோபா என்ற சிற்றூர் ஒரே இரவில் காணாமல் போனது. வீடு இருந்த இடத்தில் வண்டி வண்டியாகப் பாறை. உடல்கள் எல்லை தாண்டி மொசாம்பிக்குக்குள் மிதந்து போயின, அங்கே இருந்த கிராமத்தார் புதைத்தார்கள். இதற்கு நீலக் கொடி, மஞ்சள் கொடி போதாது. அந்தச் சரிவில் வீடே கட்டக்கூடாது. ஏழைக்கு வேறு எங்கே இடம்?

இன்னொன்று. புயல் எச்சரிக்கை என்றால் காற்றைத்தான் சொல்கிறார்கள். இடாயில் காற்று இத்தனை வேகம் என்று ஜனத்துக்குத் தெரியும். காற்று ஓய்ந்ததும் ஆபத்து முடிந்தது என்று புசிப் பக்கம் வீட்டுக்குத் திரும்பியவர்கள் உண்டு. தண்ணீர் பின்னால் வந்தது.

கப்பல்காரன்:

ஆமாம் ஐயா, அது முழு உண்மை.

பச்சைமிளகாய்:

இழை முழுக்க வாசித்தேன். எங்கள் அலுவலகத்தில் அங்கே அனுப்ப என்று பழைய துணி சேர்க்கிறார்கள். அனுப்பலாமா?

மலைச்சரிவு:

வேண்டாம். கோபப்படாமல் சொல்லிவிடுங்கள். துறைமுகத்தில் இறக்க, பிரிக்க, ஏற்ற ஆகிற செலவில் அங்கேயே புதுத் துணி வாங்கலாம். ஆப்பிரிக்கச் சந்தையில் பழைய துணிக்குப் பஞ்சமே இல்லை. காசு கொடுத்தால் மக்காச்சோள மாவை உள்ளூர்ச் சந்தையில் வாங்குவார்கள், வியாபாரியும் பிழைப்பான். பாலம் அறுந்த முதல் வாரத்தில் மட்டும் காசால் பயனில்லை. கடையில் பொருளே இருக்காது. அப்போது மூட்டைதான் வேண்டும்.

ஆனால் உள்ளூர்க்காரர்கள் துணி கொடுப்பது வேறு. இடாய் நேரத்தில் ஹராரேயில் ஒரு மூதாட்டி, பஸ்ஸுக்குக் காசில்லாமல், துணி மூட்டையைத் தலையில் வைத்து ஊரின் மறுகோடியில் இருந்த சர்ச் வரை நடந்தே வந்து கொடுத்தார். அந்தப் போட்டோ ஜிம்பாப்வே முழுக்கச் சுற்றியது. அன்றே லாரியில் ஏறி சிமானிமானிப் பக்கம் போகிற துணி அது. உங்கள் ஆபீஸ் கண்டெய்னர் போய்ச் சேரும்போது அடுத்த மழை வந்துவிடும்.

சந்தேகப்பிராணி:

சரி, தடுப்பு மருந்தை ஏற்றுக்கொள்கிறேன். மலைச்சரிவு சொன்னால் சரிதான். ஆனால் மறுகுடியேற்றம் என்று கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்களே, குவாரா-குவாரா மாதிரி மேட்டில் இடம் கொடுக்கிறார்கள், ஜனம் இரண்டு வருடத்தில் திரும்ப ஆற்றோரத்துக்கே போய்விடுகிறது. இதை என்ன சொல்வது? அவர்களுக்கே வேண்டாம் என்றால் நாம் என்ன செய்ய?

கப்பல்காரன்:

வேண்டாம் என்று இல்லை அண்ணே. வெள்ளம் கொண்டுவந்து போடுகிற வண்டலில்தான் சோளமும் நெல்லும் விளைகிறது. மேட்டு நிலம் மணல். அங்கே வீடு கட்டிக்கொள்வார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவார்கள், விதைப்பு வந்தால் கீழே போய்ப் பயிருக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டுத் தூங்குவார்கள். நீர்யானை வந்து தின்றுவிடும், காவல் இருக்க வேண்டும். இரண்டு வீடு வைத்துப் பிழைக்கிற ஜனம் அது. மேட்டு வீட்டை மட்டும் பார்த்துவிட்டு ‘காலியாகக் கிடக்கிறது, திட்டம் தோல்வி’ என்று அறிக்கை எழுதுகிறார்கள்.

அதனால் கொடியும் விசிலும் கீழே இருக்கிற அந்தக் குடிசை வரை போகவேண்டும். அதற்கு ஆள், சைக்கிள், ரேடியோ பேட்டரி. ஹெலிகாப்டர் பறக்கிற செலவில் ஒரு சிறு பகுதியிலேயே குழுக்களுக்கு இதை வாங்கிக் கொடுத்துவிடலாம். வெள்ளம் வந்த பிறகு காசு கொட்டுகிறவன், வருவதற்கு முன் கேட்டால் கொடுப்பதில்லை.

வட்டிக்கணக்கு:

பருவநிலை மாற்றத்தால் அடிவாங்கும் ஏழை நாடுகளுக்கு இழப்பு மற்றும் சேத நிதி என்று 2022இல் எகிப்துப் பருவநிலை மாநாட்டில் ஒப்புக்கொண்டார்களே, அதிலிருந்து வரலாம். அடுத்த ஆண்டு துபாயில் அறிவித்த தொகை ஏறக்குறைய 70 கோடி டாலர். உலகம் முழுமைக்கும். பெய்ரா மாநாட்டில் மொசாம்பிக் ஒரு நாட்டுக்கு மட்டும் கேட்டது 320 கோடி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உம்கேனிக்கரை:

டர்பன் மழைக்கு ஒரு ஆய்வும் வந்தது. முன்பு 40 வருடத்துக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய மழை, பூமி சூடானதால் இப்போது 20 வருடத்துக்கு ஒருமுறை என்று. கரியைப் புகைத்தது யார் என்ற கேள்வியில் தென்னாப்பிரிக்காவும் சுத்தமில்லை, எங்கள் கரண்டில் பெரும்பகுதி நிலக்கரிதான். மொசாம்பிக்கும் மலாவியும் அந்தக் கணக்கில் வரவே வராது.

சந்தேகப்பிராணி:

பேட்டரி, சைக்கிள் வாங்குகிற குழு எதற்காவது நேரடியாகப் பணம் போட வழி இருந்தால் கப்பல்காரர் தனிமடலில் அனுப்புங்கள், போடுகிறேன். ஆனால் கடன் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். அதில் மாற்றமில்லை.

கப்பல்காரன்:

அனுப்புகிறேன். மொசாம்பிக் செஞ்சிலுவையின் மாகாணக் கிளையில் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன், அக்டோபருக்குள் போய்ச் சேர்ந்தால்தான் பயன். நவம்பரில் மழை தொடங்கிவிடும்.